ஆய்வாளருக்கு மதிப்பெண் போடும் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயூ டீயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அக்கா மகள் வந்திருந்தாள். இங்குள்ள புற்றுநோய் மரபணு ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. முனைவர் பட்டம் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று சாப்பாட்டு மேசையிலும் மடிக்கணினியை அவள் மூடவில்லை. திரையில் இருந்தது பணி ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்கான விண்ணப்பம். மறுநாள் கொடுத்தாக வேண்டும்.

“கொஞ்சம் வெளியில போய்ட்டு வரலாம் வாம்மா” என்று கிராஞ்சிக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம்; அங்கிருந்து பேருந்து. அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கும் நாற்றங்கால்களுக்கும் மாதம் ஒருமுறையாவது போவது என் வழக்கம். அன்று ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்க வேண்டியிருந்தது.

ரயிலில்தான் விஷயத்தைச் சொன்னாள். படிவத்தில் மூன்று கட்டங்கள். எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறீர்கள்? அவற்றை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? உங்கள் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?

“உனக்கு எவ்வளவு?”

“மூணு, மாமா.”

“எத்தனைக்கு மூணு?” என்று கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஆய்வுத் துறையில் நீடிப்பதா, வேறு வேலை தேடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நாற்றங்காலில் வேலியோரம் ஒரு கொடியைக் கண்டதும் நின்றேன். இதய வடிவ இலைகள். வெடித்துக் காய்ந்த காய்கள் சின்னச் சின்ன உறிபோலத் தொங்கின. “இதே மாதிரி கொடி நம்ம ஊர்ல இருக்கே. ஈச்சுரமூலி. உன் பாட்டி வயித்து வலிக்கு இதோட வேரை உரசித் தருவாங்க” என்றேன்.

அவள் கொடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “இது வண்ணத்துப்பூச்சிக்காக வளர்க்கிறது மாமா. ஈச்சுரமூலிக்குச் சொந்தக்காரச் செடி. ரெண்டுமே அரிஸ்டோலோக்கியா. பாட்டி அந்த வேரையா தந்தாங்க?”

அன்று கறிவேப்பிலைக் கன்றை மறந்துவிட்டு வந்தோம். ஓர் ஆய்வாளரின் உழைப்பை எப்படி அளப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகு என்னை விடவில்லை. நானும் கணக்குத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எண்களோடு மல்லுக்கட்டியவன். அதனால் இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

மூன்று வந்த கதை

ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு உதவிய முந்தைய கட்டுரைகளைப் பட்டியலிடுவார். அப்படி ஒரு கட்டுரை குறிப்பிடப்படுவதுதான் மேற்கோள். அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு 1964ல் இந்த மேற்கோள்களையெல்லாம் தொகுத்து ஓர் அட்டவணை வெளியிட்டார். ஒரு கட்டுரையிலிருந்து தொடர்புடைய மற்றவற்றைத் தேடிப் பிடிக்க அது பெரிதும் உதவியது. தேடுவதற்குப் பிறந்த கருவி, போகப் போக ஆளை எடைபோடும் கருவியாகவும் ஆகிவிட்டது.

எச்-இண்டெக்ஸ் 2005ல் வந்தது. கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் சொன்ன கணக்கு அது. அக்கா மகளின் ஐந்து கட்டுரைகள் முறையே 20, 9, 4, 2, 1 மேற்கோள்கள் பெற்றிருக்கின்றன. குறைந்தது மூன்று மேற்கோள் பெற்ற கட்டுரைகள் மூன்று உண்டு. குறைந்தது நான்கு பெற்றவை நான்கு இல்லை. ஆகவே எச்-இண்டெக்ஸ் 3. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு கட்டுரை புகழ்பெற்றதை வைத்தோ, எவரும் படிக்காத நூறு கட்டுரைகளைக் குவித்தோ எண்ணை உயர்த்த முடியாது. ஆனால், வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை ஐயாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் எச்-இண்டெக்ஸ் 1தான். வயது கூடினால் எண் கூடும், குறையவே குறையாது. இளையர்களுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பாதகம்.

இன்னொரு வியப்பும் உண்டு. உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளை 2014ல் ‘நேச்சர்’ சஞ்சிகை பட்டியலிட்டது. முதலிடம், புரதத்தின் அளவைக் கணக்கிடும் ஒரு சோதனை முறைக்கு. 1951ல் வெளியான அந்தக் கட்டுரை மூன்று லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களைப் பெற்றிருந்தது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை உலகுக்குச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நூறில் இல்லை. எல்லாரும் அறிந்த உண்மையாகிவிட்டதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. திருக்குறள் தெரிந்தவர்கள் எந்தப் பதிப்பில் படித்தோம் என்று சொல்வதில்லை அல்லவா, அப்படித்தான்.

பெருமருந்தும் அது விட்ட தடயமும்

இப்போது அந்தக் கொடிக்கு வருவோம். ஈச்சுரமூலிக்குத் தமிழ்நாட்டில் பெருமருந்து என்றும் பெயர் உண்டு. ஆடுதின்னாப்பாளையும் இதே இனத்தைச் சேர்ந்தது. பாம்புக்கடி முதல் வயிற்றுக்கோளாறு வரை எத்தனையோ தொல்லைகளுக்கு நம் வீடுகளில் இவற்றைப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். சீன மருத்துவத்திலும் ஐரோப்பிய நாட்டு மருத்துவத்திலும் இவற்றின் சொந்தச் செடிகள் இருந்தன. இவற்றில் இருக்கும் ஒரு பொருளின் பெயர் அரிஸ்டோலோக்கிக் அமிலம்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில், உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் இந்த இனத்துச் செடி கலந்திருந்தது. பின்னர் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. டான்யூப் ஆற்றங்கரைக் கிராமங்களில் பல்லாண்டுகளாகப் புரியாமலிருந்த சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயல்களில் களையாக முளைத்த இதே இனச் செடியின் விதைகள் மாவில் கலந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இச்செடிகள் கலந்த மூலிகை மருந்துகளை 2002ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியது. தைவான் 2003ல் இவற்றைத் தடை செய்தது. சிங்கப்பூரிலும் தடை உண்டு.

ஆனால், ஒரு நோயாளிக்கு வந்த புற்றுநோய் இதனால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? இருபது ஆண்டுகளுக்கு முன்பு என்ன கஷாயம் குடித்தோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்?

இங்குதான் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வருகிறார்கள். தேசியப் புற்றுநோய் நிலையம், டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆகியவற்றைச் சேர்ந்த டே பின் டியன், ஸ்டீவ் ரோசன், பேட்ரிக் டான் ஆகியோரின் குழு, தைவான் மருத்துவர்களுடன் சேர்ந்து புற்றுக்கட்டிகளின் டிஎன்ஏவை எழுத்து எழுத்தாகப் படித்தது. 2013ல் முடிவுகள் வெளிவந்தன. அமெரிக்கக் குழு ஒன்றும் அதே நேரத்தில் அதே முடிவுக்கு வந்திருந்தது.

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் எழுதப்பட்ட நீண்ட புத்தகம். அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதில் ஒரே மாதிரியான எழுத்துப்பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. புகையிலை செய்யும் பிழை வேறு, வெயில் செய்யும் பிழை வேறு. கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதுபோல, பிழையைப் பார்த்து அதைச் செய்தது எது என்று சொல்ல முடிந்தது. நோயாளி மறந்ததை அவருடைய கட்டி மறக்கவில்லை.

2017ல் அதே வழியில் சிங்கப்பூர், தைவான் குழுவினர் தைவானைச் சேர்ந்த 98 ஈரல் புற்றுக்கட்டிகளைப் படித்தனர். அவற்றில் 78 விழுக்காட்டில் இந்தக் கையெழுத்து இருந்தது. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் இருந்து வந்த கட்டிகளிலும் அது தென்பட்டது. சிறுநீரகத்தோடு நின்றுவிட்டது என்று எண்ணியிருந்த ஆபத்து, ஈரல் வரை நீண்டிருந்தது.

எண்ணில் சிக்காதவை

இந்த ஆய்வின் தாக்கத்தை அளக்கச் சொன்னால், 2013ஆம் ஆண்டுக் கட்டுரையின் மேற்கோள்களை எண்ணலாம். அது தவறில்லை. சக ஆய்வாளர்கள் அதைக் கவனித்தார்கள், அதன்மேல் கட்டினார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

உலகெங்கும் கண்டறியப்பட்ட இத்தகைய கையெழுத்துகளுக்கு இன்று ஒரு பொதுப் பட்டியல் உண்டு. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலத்துக்கு உரிய எண் 22. எந்த நாட்டில் யார் ஒரு கட்டியின் டிஎன்ஏவைப் படித்தாலும், கணினி அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு 22 இருந்தால் சொல்லிவிடும். 2024ல் 11 நாடுகளைச் சேர்ந்த 962 சிறுநீரகப் புற்றுகளை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு, ருமேனியா, செர்பியா, தாய்லாந்து நாட்டு நோயாளிகளிடம் இந்த அமிலத்தின் தடயத்தைக் கண்டது. பட்டியலைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும், அதற்கு வழிசெய்த ஒவ்வொரு கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. இரட்டைச் சுருளுக்கு நேர்ந்ததுதான் இங்கேயும் நேர்கிறது.

இன்னொரு சிக்கல், இது யாருடைய சாதனை என்பது. மரபணு ஆய்வு தனியாள் வேலையல்ல. 2020ல் வெளியான அனைத்துலகத் திட்டம் ஒன்று 38 வகைப் புற்றுகளைச் சேர்ந்த 2,658 கட்டிகளின் மரபணுத் தொகுதியை முழுமையாக ஆராய்ந்தது. அதில் பங்கேற்றவர்கள் 1,300க்கும் மேல். இதில் கட்டியைத் தந்த நோயாளி, அதைப் பதமாகப் பாதுகாத்தவர், கணினி நிரல் எழுதியவர், முடிவைச் சரிபார்த்தவர் என ஒவ்வொருவரின் பங்கையும் எந்த எண் சொல்லும்? அக்கா மகள் எழுதிய ஒரு நிரலை மூன்று ஆய்வுக்கூடங்கள் அன்றாடம் பயன்படுத்துகின்றன. படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

எண் பெரிது, முடிவு தவறு

மேற்கோள் அதிகம் என்றால் ஆய்வு சரி என்றும் ஆகாது. இந்தத் துறையிலேயே கசப்பான உதாரணம் உண்டு.

எந்த நோயாளிக்கு எந்த வேதிமருந்து பலிக்கும் என்பதை மரபணுக்களைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என 2006ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் பொட்டியும் அவருடைய குழுவினரும் அறிவித்தனர். புகழ்பெற்ற சஞ்சிகையில் வந்த கட்டுரை அது. உடனே பெரும் வரவேற்பு. 2007ல் நோயாளிகளிடமே சோதனை தொடங்கியது.

டெக்சஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையத்தில் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தனர். விடை வரவில்லை. மரபணுப் பட்டியலில் பெயர்கள் ஒரு வரிசை தள்ளிப் போயிருந்தன. மருந்து பலிக்கும், பலிக்காது என்ற குறிகள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. கணக்கர்கள் பலருக்கும் தெரிந்த பிழைதான். எக்செல் தாளில் ஒரு வரி நழுவினால் என்ன ஆகும் என்று நான் அனுபவப்பட்டிருக்கிறேன். ஆனால் இங்கே நழுவிய வரிக்குப் பின்னால் நோயாளிகள் இருந்தார்கள். 2009ல் இருவரும் தங்கள் சரிபார்ப்பை ஒரு புள்ளியியல் சஞ்சிகையில் வெளியிட்டனர். 2010ல் சோதனைகள் நிறுத்தப்பட்டன. கட்டுரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. பொட்டி ஆய்வு முறைகேட்டில் ஈடுபட்டார் என்று அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 2015ல் முடிவு செய்தது. அவர் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

நோயாளிகளுக்குப் பெரும் நன்மை செய்தவர்கள் அந்த இரண்டு புள்ளியியலாளர்கள். மாதக்கணக்கில் பிறர் கணக்கைச் சரிபார்ப்பவருக்கு மேற்கோள் எண்ணிக்கையில் கிடைப்பது சொற்பம்.

காத்திருக்கத் தெரியாத அளவுகோல்

காலம் இன்னொரு பிரச்சினை. சஞ்சிகைகளின் தரத்துக்குச் சொல்லப்படும் ‘இம்பேக்ட் ஃபேக்டர்’, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை வைத்துப் போடப்படுவது. நோயாளியைச் சென்றடைய இரண்டு ஆண்டுகள் போதுமா?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையனை எடுத்துக்கொள்வோம். பெயரே தமிழ்க் காதுக்குப் பழக்கமானது. புற்றுநோய் ஆய்வில் உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்களில் ஒருவர். தனித்தனியே இருக்க வேண்டிய இரண்டு மரபணுக்கள் புராஸ்டேட் புற்றில் ஒட்டிக்கொண்டிருப்பதை அவருடைய குழு 2005ல் கண்டுபிடித்தது. அதை வைத்துச் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று 2013ல் மிச்சிகனில் வந்தது. 18 மரபணுக்களைப் பார்க்கும் மேம்பட்ட பரிசோதனையின் முடிவுகள் 2024ல் வெளியாயின. ஊசி குத்தித் திசு எடுக்கும் பரிசோதனை யாருக்குத் தேவையில்லை என்று சொல்ல அது உதவுகிறது. கண்டுபிடிப்பிலிருந்து இதுவரை 19 ஆண்டுகள். மேற்கோளும் பெருகி, நோயாளிக்கும் பயன் சேர்ந்த நல்ல உதாரணம் இது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளோடு கணக்கை முடித்திருந்தால், அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை எந்தக் கட்டத்திலும் ஏறியிருக்காது.

அப்படியென்றால் எப்படி அளப்பது?

இந்தக் குறைகள் ஆய்வுலகத்துக்குத் தெரியாதவை அல்ல. சஞ்சிகையின் பெயரை வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியலாளர்கள் பிரகடனம் ஒன்றை உருவாக்கினர். 2015ல் வந்த லைடன் அறிக்கை பத்து நெறிகளை முன்வைத்தது. எண்கள் நிபுணரின் மதிப்பீட்டுக்குத் துணை நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது அவற்றில் முதலாவது. பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2019ல் ஒரு புதிய தன்விவரப் படிவத்தைத் தந்தது. அதில் எண்களுக்குப் பதிலாக நான்கு கேள்விகள்: அறிவுக்கு என்ன சேர்த்தீர்கள்? பிறரை எப்படி வளர்த்தீர்கள்? ஆய்வுச் சமூகத்துக்கு என்ன செய்தீர்கள்? பொதுமக்களுக்கு என்ன பயன்?

எண்களைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணே இல்லாவிட்டால் தெரிந்தவர், வேண்டியவர் என்ற பழைய கணக்கு திரும்பி வந்துவிடும். நூறு விண்ணப்பங்களைப் படிப்பவருக்கு ஏதோ ஒரு சல்லடை வேண்டும். ஆனால், எண்ணை வைத்தே பரிசு என்றால் எண்ணை வளர்ப்பதே வேலையாகிவிடும். தம்மைத் தாமே மேற்கோள் காட்டுவது, நண்பர்கள் ஒருவரையொருவர் மாற்றி மாற்றிக் காட்டுவது என்று வழிகள் பல. அதிகம் மேற்கோள் காட்டப்பட்டோர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம், 2023ல் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானோரை இத்தகைய ஐயங்களால் ஒதுக்கியது.

‘உலகின் தலைசிறந்த 2 விழுக்காட்டு விஞ்ஞானிகளில் நம்மவர்’ என்ற செய்தி அடிக்கடி நம் கண்ணில் படுகிறது. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு மேற்கோள் தரவுகளிலிருந்து தொகுக்கும் பட்டியல் அது. பெருமைப்படலாம். கூடவே சில கேள்விகளையும் கேட்கலாம். அவர் கண்டுபிடித்தது என்ன? அதை வேறு ஆய்வுக்கூடம் செய்து பார்த்ததா, அதே விடை வந்ததா? அதனால் ஒரு சிகிச்சையோ, பரிசோதனையோ, சட்டமோ, பழக்கமோ மாறியதா? அந்தக் குழுவில் அவருடைய பங்கு என்ன? பிள்ளைகளை ஆய்வுத் துறைக்கு அனுப்பும் பெற்றோரும், “எத்தனை பேப்பர் போட்டே?” என்பதற்குப் பதில் இவற்றில் ஒன்றைக் கேட்டால் வீட்டில் பேச்சு நன்றாக ஓடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

மன்னார்குடிக்கு ஓர் அழைப்பு

அன்று இரவு அக்கா மகள் படிவத்தை முடித்தாள். எச்-இண்டெக்ஸ் கட்டத்தில் 3 என்றே எழுதினாள். கடைசியில் ‘வேறு விவரங்கள்’ என்று ஒரு சிறிய இடம் இருந்தது. அதில் தன் நிரலை யார் யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஆறு வரிகளில் எழுதினாள். அந்த ஆறு வரிகளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. முடிவு இன்னும் வரவில்லை.

அவள் கிளம்பிய பிறகு என் அலமாரியின் மேல்தட்டைக் குடைந்தேன். அம்மா இறப்பதற்கு முன் கொடுத்தனுப்பிய சின்னத் துணிப்பொட்டலம் அங்கே இருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. ஆனாலும் இத்தனை ஆண்டுகளாகத் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தேன். எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்தில்லை என்று வரையறுத்த அளவு இதற்கு இல்லை என்று அக்கா மகள் சொல்லியிருந்தாள். இந்த வகை மூலிகைகளை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லிச் சிறுநீரகப் பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது என்றும் சொன்னாள். பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டு மன்னார்குடிக்கு அழைத்தேன்.

“அக்கா, வீட்ல ஈச்சுரமூலி வேர் இருக்கா?”

“இருக்குடா தம்பி. பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக்கூட நேத்து உரசிக் கொடுத்தேன். ஏன்?”

கையெழுத்து, எழுத்துப்பிழை என்றெல்லாம் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“யாரு சொன்னா இதை?”

“உன் மகதான்.”

“அவ இதைத்தான் படிச்சிக்கிட்டிருக்காளா?” என்றார் அக்கா. பிறகு, “சரி, இனிமே கொடுக்கல. பக்கத்து வீட்லயும் சொல்லிடறேன்” என்றார்.